வாரத்துக்கு எத்தனை முறை?

சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு வாரத்தில் இரண்டு முறை டயாலிசிஸ் செய்வதற்கும், மூன்று முறை செய்வதற்கும், ஐந்தாறு முறை செய்வதற்கும் ஆயுளில் என்ன வேறுபாடு வருகிறது? இன்றைய பொருள் இதுதான்.

அதிகாலையில் கூடுவாஞ்சேரி நடைமேடையில் மின்சார ரயிலுக்காக நிற்பவர்களில் சிலர் ஒரு கையை உடம்போடு அணைத்தபடி நிற்பார்கள். அந்தக் கையில் பை தொங்காது, வாட்ச் இருக்காது. முழங்கைக்குக் கீழே ரத்தக் குழாய் கயிறுபோல் புடைத்திருக்கும். அதன்மேல் விரலை வைத்தால், உள்ளே ஒரு வண்டு ரீங்கரிப்பது போல இடைவிடாத அதிர்வு தெரியும். அதுதான் ஃபிஸ்டுலா. தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்து, சிரைக்குள் ரத்தம் வேகமாகப் பாயும்படி செய்த வழி. அந்த அதிர்வு இருக்கும்வரை டயாலிசிஸ் நடக்கும். அது நின்றால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காலையில் கண் விழித்ததும் அவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

அவர்கள் எங்கே போகிறார்கள்? சிலர் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. சிலர் காட்டாங்கொளத்தூர்ப் பக்கம். சிலர் எதிர்த்திசையில் தாம்பரத்துக்கும் சென்னைக்கும். போய் நான்கு மணி நேரம் படுத்திருந்து திரும்புகிறார்கள். வாரத்தில் சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள். இந்த இரண்டும் மூன்றும் யார் வகுத்த கணக்கு?

முதலில் சிறுநீரகத்தின் கணக்கைப் பார்க்கலாம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அந்த 168 மணி நேரமும் வேலை செய்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, ஒன்றரை லிட்டர் போக மிச்சமெல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கிறது. பொட்டாசியத்தை இம்மியும் கூடாமல் குறையாமல் வைத்திருக்கிறது. தூங்கும்போதும் செய்கிறது, பண்டிகை நாளிலும் செய்கிறது. அந்த வேலையை இயந்திரம் வாரத்துக்கு மூன்று முறை, நான்கு மணி வீதம், 12 மணி நேரத்தில் செய்ய வேண்டும். இரண்டு முறை என்றால் எட்டே மணி நேரம். மீதி 160 மணி நேரம் என்ன நடக்கிறது? யூரியா ஏறுகிறது. பொட்டாசியம் ஏறுகிறது. குடித்த தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்குகிறது.

இனி மூன்று என்ற எண்ணின் கதை. டச்சு மருத்துவர் வில்லெம் கோல்ஃப், ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தின் காம்பென் நகரில், தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படுத்தும் செல்லோஃபேன் குழாயை உருளையில் சுற்றி, 1943-ல் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கினார். அது திடீரென்று பழுதான சிறுநீரகம் தேறும்வரை சில நாள் தாங்கிப் பிடிக்கும் கருவி. நிரந்தரமாகப் பழுதானவர்களுக்கு அதனால் பயனில்லை. ஏனென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு ரத்தக் குழாயைப் பலிகொடுக்க வேண்டியிருந்தது. 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லான் குழாய் ஒன்றை நோயாளியின் கையிலேயே நிலையாகப் பொருத்தினார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதற்குப் பிறகு 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1966-ல் நியூயார்க்கில் பிரேஷியாவும் சிமினோவும் ஃபிஸ்டுலாவை அறிமுகப்படுத்தினார்கள்.

சியாட்டிலில் தொடக்கத்தில் எத்தனை முறை செய்தார்கள்? வாரத்துக்கு ஒரு முறைதான். ஒரே மூச்சாக, நாள் கணக்கில் நீளும் டயாலிசிஸ். நோயாளிகள் உயிரோடு இருந்தார்கள், ஆனால் ரத்த அழுத்தம் அடங்கவில்லை, கால் நரம்புகள் மரத்தன. இரண்டு முறையாக்கினார்கள். கொஞ்சம் தேறியது. மூன்று முறையாக்கினார்கள். இன்னும் தேறியது. அங்கே நிறுத்திக்கொண்டார்கள். மருத்துவம் அங்கே முடிந்துவிட்டதால் நிறுத்தவில்லை. இயந்திரமும் ஆளும் பணமும் அதற்குமேல் இடம் கொடுக்காததால் நிறுத்தினார்கள். 1973-ல் அமெரிக்க அரசு டயாலிசிஸ் செலவை ஏற்றபோது அந்த மூன்று ஊர்வழக்கமாக உறுதிப்பட்டது. திங்கள், புதன், வெள்ளி; அல்லது செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை செவிலியருக்கு விடுமுறை சரி. சிறுநீரகத்துக்கு ஏது விடுமுறை?

அந்த ஞாயிற்றுக்கிழமையின் விலை என்ன என்பது மெல்லத்தான் தெரியவந்தது. டயாலிசிஸ் நோயாளிகளின் திடீர் இதய மரணங்கள் எந்தக் கிழமையில் நேர்கின்றன என்று 1999-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. வாரம் முழுவதும் சமமாகப் பரவியிருக்க வேண்டியவை திங்களிலும் செவ்வாயிலும் குவிந்திருந்தன. பிறகு 2011-ல் அமெரிக்காவில் ஃபோலியும் உடன் ஆய்வாளர்களும், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்ட 32,065 பேரின் விவரங்களை அலசினார்கள். இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பு விகிதம், ஆண்டுக்கு நூறு பேருக்கு 22.1. மற்ற நாள்களில் 18.0. இதயக் காரணத்தால் நேர்ந்த இறப்புகள் மட்டும் 10.2-க்கு 7.5. ஒரே நோயாளிகள், ஒரே மருந்து, ஒரே இயந்திரம். மாறியது ஒன்றுதான்: இடைவெளி.

இடைவெளி ஏன் கொல்கிறது? இரண்டு வழிகளில். ஒன்று பொட்டாசியம். ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது ஆறரையைத் தாண்டினால் இதயத்தின் மின்னோட்டம் குலைகிறது; முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோகிறது. உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்லும் இளநீர் இவர்களுக்கு ஏன் நஞ்சாகிறது என்பதற்கும் இதுதான் காரணம். ஜி.எஸ்.டி. சாலையில் வெயிலில் நிற்கும் இளநீர் வண்டியைக் கடந்துபோவது ஒரு டயாலிசிஸ் நோயாளிக்குச் சின்ன விஷயமில்லை.

இரண்டாவது வழி தண்ணீர். டயாலிசிஸ் பிரிவுக்குள் நுழைந்ததும் நோயாளி முதலில் ஏறுவது எடை இயந்திரத்தில். டெக்னீஷியன் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு வெயிட் ஏறியிருக்கு?” உடம்பில் மிகைநீர் எதுவும் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை ‘ட்ரை வெயிட்’ என்கிறார்கள். அதற்குமேல் ஏறியிருப்பதெல்லாம் தண்ணீர். அறுபது கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். சிறுநீர் அறவே நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் சேர்கிறது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்து திங்கட்கிழமை வருகிறார் என்றால் மூன்று லிட்டர். நான்கு மணி நேரத்தில் அதை உறிஞ்ச வேண்டும். கிலோவுக்கு மணிக்கு 12.5 மில்லி. அதே மனிதர் வாரம் இரண்டு முறைதான் வருகிறார், வியாழன் போய் திங்கள் வருகிறார் என்றால் நான்கு லிட்டர். கிலோவுக்கு மணிக்கு ஏறத்தாழ 16.7 மில்லி. நாள்தோறும் இரண்டரை மணி நேரம் வருகிறார் என்றால் ஒரே லிட்டர், 6.7 மில்லி போதும்.

இந்த எண்களில் என்ன இருக்கிறது? கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் தண்ணீர் எடுக்கப்பட்டவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது என்று 2011-ல் வெளியான ஓர் அலசல் காட்டியது. வேகமாகத் தண்ணீர் எடுக்கும்போது ரத்த அழுத்தம் சரிகிறது. கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் விழித்துக்கொள்ளும்படி நோயாளி அலறுகிறார். வெளியே தெரிவது அவ்வளவுதான். உள்ளே, ரத்தம் போதாமல் இதயத் தசையின் ஒரு பகுதி சற்று நேரம் திகைத்து நிற்கிறது. வாரத்துக்கு வாரம், ஆண்டுக்கு ஆண்டு அது நடந்தால் அந்தத் தசை நிரந்தரமாகவே சோர்கிறது. இன்னொரு பக்கம், இடைவெளி நாள்களில் தேங்கும் நீரைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடக்கீழறை தடிக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் முன்னால் நிற்பது இதயம்தான் என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் இன்னும் அழுத்திக் கழுவினால் போதாதா? மூன்று நாளையே வைத்துக்கொண்டு அளவைக் கூட்டினால் என்ன? அதையும் சோதித்தார்கள். 2002-ல் வெளியான ஹீமோ ஆய்வில் 1,846 பேர் பங்கேற்றார்கள். கூடுதல் அளவு பெற்றவர்கள் கூடுதல் நாள் வாழவில்லை. திங்கட்கிழமை எவ்வளவு நன்றாகக் கழுவினாலும், சனியும் ஞாயிறும் சேர்ந்த தண்ணீர் சேர்ந்ததுதான்.

ஆகவே கேள்வி முறைகளின் எண்ணிக்கைக்குத் திரும்பியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 245 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். 120 பேருக்கு வழக்கமான மூன்று முறை. 125 பேருக்கு ஆறு முறை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி முதல் இரண்டே முக்கால் மணி வரை. ஆறு என்று எழுதினாலும் நடைமுறையில் சராசரி 5.2 முறைதான் வந்தார்கள்; மனிதர்கள்தானே. 2010-ல் முடிவு வெளியானது. ஓராண்டில், அடிக்கடி டயாலிசிஸ் பெற்றவர்களின் இதயத் தடிப்பு குறைந்தது, ரத்த அழுத்தம் இறங்கியது, பாஸ்பரஸ் கட்டுப்பட்டது. இறப்பையும் இதயத் தடிப்பையும் சேர்த்து அளந்த முடிவில் அவர்கள் தெளிவாக முந்தினார்கள்.

ஆனால் ஓராண்டு, 245 பேர். உயிர்வாழ்வைத் தனியாக உறுதிசெய்ய அது போதாது. அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட கணக்கு இது: மூன்று முறைக் குழுவில் 120 பேரில் 34 பேர் இறந்திருந்தார்கள், நூற்றுக்கு 28. அடிக்கடிக் குழுவில் 125 பேரில் 20 பேர், நூற்றுக்கு 16. ஏறக்குறையப் பாதி. ஆய்வுக் காலம் முடிந்ததும் பலர் பழைய அட்டவணைக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. இருந்தாலும் இந்தத் துறையில் இவ்வளவு பெரிய வேறுபாடு காண்பது அரிது.

இங்கேயே உரையை முடித்தால் கதை இனிமையாக இருக்கும். உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. அதே ஆய்வாளர்கள் இன்னொரு சோதனையும் நடத்தினார்கள்: வீட்டில், இரவில், தூங்கும்போது, வாரம் ஆறு இரவு நீண்ட டயாலிசிஸ். 87 பேர். எல்லாரும் இதைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். சிறுநீரகத்தின் 168 மணி நேரத்துக்கு மிக அருகில் வருவது இதுதானே? நடந்ததோ வேறு. முதல் ஆண்டில் முதன்மை அளவீடுகளில் தெளிவான பலன் நிலைநாட்டப்படவில்லை. தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்டபோது, இரவு டயாலிசிஸ் குழுவில் இறப்பின் அபாயம் கிட்டத்தட்ட நான்கு மடங்காக இருந்தது. ஆள் எண்ணிக்கை மிகக் குறைவு, ஒப்பீட்டுக் குழுவில் இறப்பு வழக்கத்துக்கு மாறாகக் குறைவு என்று பல விளக்கங்கள் உண்டு. ஆனால் ஒரு தடயம் கவனிக்கத்தக்கது. இரவுக் குழுவில், எஞ்சியிருந்த கொஞ்ச நஞ்ச சிறுநீரும் விரைவாக நின்றுபோனது.

விலை இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் ஃபிஸ்டுலாவில் இரண்டு ஊசி. வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 312 குத்து. ஆறு முறை என்றால் 624. ஒரே கை, ஒரே சிரை. பகல் நேர ஆய்வில், அடிக்கடி டயாலிசிஸ் பெற்றவர்களுக்கு ஃபிஸ்டுலாவைச் சரிசெய்யும் சிகிச்சைகள் ஏறத்தாழ 70 விழுக்காடு கூடுதலாகத் தேவைப்பட்டன. அந்த வண்டின் ரீங்காரம் நின்றால் என்ன ஆகும் என்பதை அந்தக் கைக்காரர் அறிவார்: கழுத்தில் கேத்தீட்டர், காய்ச்சல், குளிர் நடுக்கம், புது ஃபிஸ்டுலா பழுக்கும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பு.

இப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் திரும்பலாம். மேற்கில் கேள்வி, மூன்றா ஆறா என்பது. இங்கே கேள்வி, இரண்டா மூன்றா என்பது. இந்தியாவில் ஏராளமானோர் வாரம் இரண்டு முறைதான் செய்துகொள்கிறார்கள். அந்த இரண்டின் இடைவெளியைக் கணக்கிட்டால் நெஞ்சு பதறுகிறது. திங்களும் வியாழனும் என்று வைத்தால் ஓர் இடைவெளி 72 மணி, இன்னோர் இடைவெளி 96 மணி. அமெரிக்காவில் எந்த நீண்ட இடைவெளியைக் கொலைகாரன் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்களோ, அதுதான் இங்கே வாரத்தின் சிறிய இடைவெளி!

அரசு மூன்றை ஏற்கவில்லையா? ஏற்றிருக்கிறது. 2016-ல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தபோது சொன்ன கணக்கு: ஆண்டுக்கு 2.2 லட்சம் புதிய நோயாளிகள், அதனால் கூடுதலாக 3.4 கோடி டயாலிசிஸ். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஆண்டுக்கு 154 வருகிறது, அதாவது வாரத்துக்கு மூன்று. காகிதத்தில் மூன்று இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் ஏழைகளுக்கு டயாலிசிஸ் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 1993-ல் சென்னையில் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை போன்றவை சலுகையில் செய்கின்றன. பிறகு மூன்றாவது நாள் எங்கே நழுவுகிறது?

போகும் வழியில் நழுவுகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து செங்கல்பட்டு போக வேண்டும். பேருந்து மாற வேண்டும். கூட ஓர் ஆள் வர வேண்டும். முடிந்து எழும்போது தலை சுற்றும், தனியாகத் திரும்ப முடியாது. கூட வருபவரின் அன்றைய கூலி போகிறது. நோயாளியின் கூலி எப்போதோ போய்விட்டது. வாரம் மூன்று நாள் என்றால் இரண்டு பேருடைய மூன்று நாள். டயாலிசிஸ் இலவசம்தான். நாள் இலவசமில்லை. மருத்துவமனைப் பக்கமும் நெருக்கடி உண்டு. ஒரு முறை டயாலிசிஸ் செய்ய, நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம், சுத்திகரித்த நீரில் கலந்த கரைசல் 120 லிட்டர் ஓட வேண்டும். அதை வடித்தெடுக்கக் குழாய் நீர் இன்னும் கூடுதலாக வேண்டும். கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர்களில் இது சின்னக் கணக்கில்லை.

இரண்டு முறை எல்லாருக்கும் ஆபத்தா? இல்லை, இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிறுநீர் ஓரளவு இன்னும் போகிறவர்களுக்கு, அந்தப் பழைய சிறுநீரகமே இடைவெளி நாள்களில் கொஞ்சம் வேலை பார்க்கிறது. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, எஞ்சிய சிறுநீரகச் செயல் நன்றாக இருந்தவர்களில் இரண்டு முறையும் மூன்று முறையும் பெற்றோர் ஏறத்தாழ ஒரே அளவு உயிர்வாழ்ந்தார்கள் என்றும், செயல் மிகக் குறைந்தவர்களில் இரண்டு முறைக்காரர்களின் இறப்பு கூடியது என்றும் காட்டியது. ஆகவே யாருக்கு எத்தனை என்று தீர்மானிக்க ஒரு பிளாஸ்டிக் கேன் போதும்: ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்து அளக்க வேண்டும். மாதக்கணக்கில் அளக்காமலே இரண்டு முறையில் ஒருவரை விட்டுவைப்பதுதான் தவறு. இன்று 700 மில்லி போகிறவருக்கு அடுத்த ஆண்டு 100 மில்லிகூடப் போகாமல் இருக்கலாம். அட்டவணை மட்டும் பழையபடியே நிற்கும். வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது அந்த மிச்சச் செயலையும் அழிக்கிறது.

இடைவெளியே இல்லாத டயாலிசிஸ் ஒன்றும் உண்டு. வயிற்றுக்குள் குழாய் வைத்து, இரண்டு லிட்டர் பையை நாளுக்கு மூன்று நான்கு முறை நோயாளியே வீட்டில் மாற்றிக்கொள்ளும் முறை. அதில் திங்கட்கிழமை ஆபத்து கிடையாது, ஊசி கிடையாது, ரயில் கிடையாது. மொத்த உயிர்வாழ்வு இயந்திர டயாலிசிஸை ஒட்டியே இருக்கிறது. கை சுத்தம் தவறினால் வயிற்றில் தொற்று வரும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. தொலைவான குப்பங்களுக்கு இது பொருந்தும் அளவுக்குப் பேசப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இவை எல்லாவற்றையும்விட ஆயுளைக் கூட்டுவது மாற்றுச் சிறுநீரகம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புதானம் தமிழ்நாட்டில் வேரூன்றியதோ செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணிலிருந்து. திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்தார்கள். அந்தச் செய்தி கேட்டுக் கலங்காத வீடு அன்று தமிழ்நாட்டில் இல்லை. இன்று உறுப்புதானம் செய்வோரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது. ஆனாலும் காத்திருப்போர் வரிசை நீளம். வரிசையில் நிற்கும்வரை உயிரைப் பிடித்துவைப்பது டயாலிசிஸ்தான்.

இரண்டு முறையோ மூன்று முறையோ, கிடைத்ததைக் கொண்டு இடைவெளியின் கேட்டைக் குறைக்க வழி உண்டா? உண்டு. பெரிய இடைவெளி வரும் இரண்டு நாளில் உப்பைக் குறைக்க வேண்டும். தாகத்தை அடக்கு என்று சொல்வதில் பயனில்லை. உப்பு உள்ளே போனால் தாகம் வந்தே தீரும். கடற்கரை ஊர்களில் கருவாடு, எல்லா ஊர்களிலும் ஊறுகாயும் அப்பளமும், இவைதான் அந்த மூன்றாவது லிட்டர். கீரையையும் கிழங்கையும் நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டினால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி வெளியேறும். திடீரென்று கை கால் தளர்ந்தாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், அட்டவணை நாளுக்காகக் காத்திராமல் அன்றே போக வேண்டும்.

மழைக்காலத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரிப் பகுதியிலும் தண்ணீர் சூழ்ந்தபோது, டயாலிசிஸ் நாள் வந்தும் வாசலைத் தாண்ட முடியாத நிலை எப்படியிருக்கும் என்பதை ஊர் கண்டது. 2020 ஊரடங்கில் மின்சார ரயில் நின்றபோது மறுபடி கண்டது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனையை அழைத்து, மறுநாள் முறையை ஒரு நாள் முன்னதாகவே கேட்டுச் செய்துகொள்ளலாம். செய்த நாள், ட்ரை வெயிட், கடைசிப் பொட்டாசியம், ரத்த வகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பையிலேயே வைத்திருந்தால், வழியடைத்து வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும் அங்கே விரைவில் இயந்திரத்தில் ஏற்றுவது எளிதாகும்.